ஐந்து அங்குலக் கட்டு

ஸ்கந்தபுரத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. கோயிலில் விபூதி தந்தாலும் உள்ளங்கையில் வைத்து நிறை பார்த்துவிட்டுத்தான் பூசுவேனாம். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் தராசுக்குப் பின்னால் நின்றவள் நான். சீனி மூடையின் அடியில் ஈரம், அரிசி மூடைக்குள் கல், மண்ணெண்ணெய்ப் பீப்பாயில் தண்ணீர் எல்லாம் கண்டவள். அதனால் ஊர்க்கதையை நான் மறுப்பதில்லை. இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களையும், அந்த நாட்களில் என் வீட்டுக் குளியலறை எனக்குத் தெரியாமல் இடிபட்டதையும் எழுதச் சொல்லி மகள் கௌசி கேட்டாள். "உங்களைப் போல விழுற ஆக்களுக்கு உதவும் அம்மா" என்றாள். சும்மா இருந்தால் எல்லோரையும் கேள்வி கேட்டுக் கொல்வேன் என்பதற்காகத்தான் கொப்பியைத் தந்தாள் என்பது என் சந்தேகம். இருந்தாலும் எழுதுகிறேன்.

விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. குளித்து முடித்து, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கால் வைத்தேன். எங்கள் குளியலறை வாசலில், தண்ணீர் வீட்டுக்குள் வராமல் மறிக்க ஒரு சீமெந்துக் கட்டு இருந்தது. ஐந்து அங்குல உயரம். சீனி வருத்தம் வந்த பிறகு என் பாதங்களுக்கு உணர்வு குறைவு. இடது பெருவிரல் அந்தக் கட்டில் தட்டியது எனக்குத் தெரியவில்லை. விழுந்த சத்தம்தான் தெரிந்தது. அது யாரோ மா மூடையைப் போட்ட சத்தம் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு எழும்ப முயன்றபோதுதான், போடப்பட்ட மூடை நான் என்று புரிந்தது.

இவர் வயலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவர், ஓடிவந்தார். இவர் என்று நான் எழுதுவதெல்லாம் என் கணவரைத்தான். பேச்சுக் குறைந்த மனிதர். என்னைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார். ஒரு சீலையை எடுத்து என் மேல் போர்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டு ஆட்களைக் கூப்பிட்டார். அந்த வேதனையிலும் அதை நான் கவனித்தேன்.

கிளிநொச்சியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். தொடை எலும்பின் மேல் முனை ஒரு பந்துபோல இருக்கும். அது இடுப்புக் குழிக்குள் உருளும். பந்துக்குக் கீழே ஒரு கழுத்து. எனக்கு முறிந்தது அந்தக் கழுத்து. அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் என் வயதில் அது தானாகப் பொருந்துவது கடினம், பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைக்கவேண்டும் என்றார் டொக்டர்.

"ஒரு சின்ன விழுகைக்கு எலும்பு முறியுமோ டொக்டர்? வேறை ஏதும் வருத்தம் இருக்கோ? மறைக்காமல் சொல்லுங்கோ" என்று கேட்டேன்.

"எலும்பு தேய்ஞ்சு போச்சம்மா. வெளியில பாத்தால் அதே எலும்புதான். உள்ளுக்கு நிறை குறைஞ்சிட்டுது."

எலும்பிலும் நிறை குறைப்பார்கள் என்று அன்றுதான் அறிந்தேன். முப்பது வருடமாக மற்றவர்களின் மூடைகளையே சோதித்திருக்கிறேன்.

அறுவைச் சிகிச்சை வரை முறிந்த கால் சுருங்காமல் இருக்க, கணுக்காலில் பட்டி கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு நிறையைத் தொங்கவிட்டார்கள். அது எத்தனை கிலோ என்று தாதி மிஸ்ஸியிடம் கேட்டேன். சொன்னார். கண்ணால் பார்க்க அவ்வளவு இருக்காது போலிருந்தது, சொல்லிவிட்டேன். அதன்பிறகு அந்த வாட்டில் எனக்கு "தராசம்மா" என்று பெயர்.

இரத்தத்தில் சீனி கூடுதலாக இருந்ததால் சத்திரசிகிச்சை இரண்டு தரம் தள்ளிப்போனது. சீனி இறங்காமல் வெட்டினால் புண் ஆறாது, கிருமி பிடிக்கும் என்று விளக்கினார்கள். விளக்கம் சரிதான். ஆனால் தள்ளிப்போடுகிறவர்களின் முகத்தை நான் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் மல்லாவிக்காரி ஒருத்தி, கை முறிந்தவ, என்னைவிட இரண்டு வயது மூத்தவ. "டொக்டர் சிரிச்சாலும் பயப்பிடுறீர், சிரிக்காட்டிலும் பயப்பிடுறீர். அந்த மனிசன் முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?" என்று கேட்டா.

பயம் எனக்குச் சாவைப் பற்றியதல்ல. இதைத் திறந்தே எழுதிவிடுகிறேன். வாட்டில் இரண்டாம் நாள் காலை ஒரு பணிப்பெண் திரையை இழுத்துவிட்டு ஈரத்துணியால் என் உடம்பைத் துடைத்தா. நல்ல மனுசி. கை மெதுவானது. ஆனாலும் நான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், குழாயடி வரிசையில், குறுக்குக்கட்டோடு ஊரே பார்க்கக் குளித்தவள் நான். திரும்பி வந்து வீடு கட்டியபோது எனக்கு விறாந்தை வேண்டாம், மாபிள் வேண்டாம், உள்ளே பூட்டுகிற கதவோடு ஒரு குளியலறை வேண்டும் என்று கேட்டேன். இனி என்னை ஒருவர் குளிக்க வார்க்கிற நிலை வந்தால், அந்தக் குழாயடிக்கே திரும்பிப் போன மாதிரி. நான் தனியே குளிப்பேனா, மாட்டேனா? ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் என் மனதில் ஓடிய கேள்வி அது ஒன்றுதான்.

சத்திரசிகிச்சைக்குச் சம்மதக் கடிதத்தை முழுவதும் வாசித்துத்தான் கையெழுத்து வைத்தேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். நினைவு இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் வாளால் அரிகிற சத்தமும் சுத்தியலால் தட்டுகிற சத்தமும் கேட்டன. வலி இல்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. தச்சுப்பட்டறைக்குள் என்னைப் பலகையாகக் கிடத்தியது போலிருந்தது.

வெளியே கொண்டுவந்தபோது கௌசி மட்டும் நின்றாள். இவரைக் காணவில்லை.

"அப்பா எங்கை?"

"சாப்பிடப் போட்டார் அம்மா."

என் மனிசன், நான் உள்ளே வெட்டுப்படும்போது, சாப்பிடப் போகிறவரா? கௌசியின் கண் வேறுபக்கம் போனது. அவள் சின்ன வயதில் கடையில் பாணிப்போத்தலை உடைத்துவிட்டு நின்றபோதும் கண் அப்படித்தான் போனது. இவர் வந்தது அந்தி பட்ட பிறகு. வலது கையில் துணி சுற்றியிருந்தது. "தகரம் வெட்டிப் போட்டுது" என்றார். எந்தத் தகரம் என்று கேட்டேன். "தகரம்தான்" என்றார்.

அன்று தொடங்கிய சந்தேகம் வளர்ந்தது. இரண்டாம் நாள், உடற்பயிற்சி தருகிற பிள்ளை ஒன்று வந்து, நான்கு கால் உள்ள வோக்கரைப் பிடிக்க வைத்து என்னை எழுப்பி நிறுத்தினாள். தாழ்ந்த கதிரையில் இருக்கக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது, குனிந்து நிலத்தில் கிடப்பதை எடுக்கக்கூடாது, செய்தால் புதுப் பந்து குழியிலிருந்து கழன்றுவிடும் என்று சொல்லித்தந்தாள். பிறகு இவரையும் கௌசியையும் கதவடிக்குக் கூப்பிட்டுப் பேசினாள். அவர்கள் தலையாட்டியதுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் இவர் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. "அவாட்டை இதைச் சொல்லாதேங்கோ."

எதை? பந்து சரியாகப் பொருந்தவில்லையா? நான் நடக்கமாட்டேனா? வவுனியாவில் மகள் வீட்டுக்கு என்னைக் கொண்டுபோய், எங்கள் வீட்டைப் பூட்டப்போகிறார்களா? இவருடைய நகத்துக்குள் சீமெந்து இருந்தது. கேட்டால், "கோழிக்கூட்டுக்குப் பூசினனான்" என்றார். எங்கள் வீட்டில் கோழி இல்லாமல் போய் இரண்டு வருடம். பொய் சொல்லப் பழகாத மனிதர் பொய் சொல்ல வெளிக்கிட்டால் இப்படித்தான், இல்லாத கோழிக்குக் கூடு கட்டவேண்டிவரும்.

மூன்றாம் நாள் கௌசியைப் பிடித்தேன். "நான் கட்டிலில கிடக்கிறன் எண்டு ஏமாத்த நினைக்காதை. உண்மையைச் சொல்லு. இல்லாட்டி இந்தக் குளிசையை விழுங்கமாட்டன்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லிக்கொண்டு அவள் கைப்பையிலிருந்து கட்டம் போட்ட கொப்பித் தாள் ஒன்றை எடுத்தாள். இவருடைய கையெழுத்து. எங்கள் குளியலறை, அளவுகளோடு. வாசலில் கட்டு இல்லை. அறையின் கடைசியில் சவர், அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை, சுவரில் இரண்டு கைபிடிகள்.

அந்தப் பிள்ளை சொன்னதாம்: இனி நான் வோக்கரைத் தூக்கிக் கட்டுக்கு மேலால் வைத்துக் கால் எடுக்கக்கூடாது. வாசலிலிருந்து சவர் வரை நிலம் ஒரே மட்டமாக இருந்தால், கதிரையில் இருந்து நானே குளிக்கலாம். இல்லையென்றால் யாராவது குளிக்க வார்க்கவேண்டும்.

"கட்டில்லாமல் தண்ணி எங்கை போகும்?" என்றேன். "சாமியறைக்குள்ளதான் வரும். ஆர் மேசன்?"

"நஸார் அண்ணை. தண்ணீரூற்று ஆள். மாபிள் வேலை செய்யிறவர்."

எனக்குத் தெரியாத மேசன், எனக்குத் தெரியாமல், என் குளியலறையில்! வலியெல்லாம் மறந்துபோனது. உடனே போன் எடுத்துத் தரச் சொன்னேன்.

நஸார் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து அங்கே வளர்ந்து, பிறகு ஊருக்குத் திரும்பி வந்தவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். என் கேள்விகளுக்கெல்லாம் "சொல்லுங்க அக்கா" என்று பொறுமையாகப் பதில் தந்தார். அந்தப் பொறுமையும் எனக்குப் பிடிக்கவில்லை. விசயம் இதுதான்: வெளியே வாசலில் கட்டி மறிப்பதற்குப் பதிலாக, உள்ளே நிலத்தைத் தாழ்த்துவது. பழைய கொங்கிறீட்டை உடைத்து, சவர் இருக்கும் பக்கத்தை இரண்டு அங்குலம் இறக்கி, அடிக்குக் கால் அங்குலம் சரிவு வைத்துப் பூசவேண்டும். கூடினால் கதிரை சறுக்கும், குறைந்தால் தண்ணீர் தேங்கும். மாபிள் ஓடுகளுக்குக் கீழே நீர் கசியாத பூச்சு, சுவரிலும் ஒரு சாண் உயரத்துக்கு. பெரிய வழுவழுப்பான மாபிள் கூடாது. சொரசொரப்பான சின்ன மாபிள். எங்கள் சுவர் சீமெந்துக் கல்லால் கட்டியது, உள்ளே வெற்றிடம். கைபிடி பூட்டுகிற இடத்தை உடைத்துக் கொங்கிறீட் நிரப்பாவிட்டால் என்னோடு சேர்ந்து கைபிடியும் வந்துவிடும்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. மா மூடைக்காரனும் நன்றாகத்தான் கதைப்பான்.

சரிவு பூசிக் காய்ந்ததும் வீடியோவில் காட்டச் சொன்னேன். மல்லாவி அக்கா நல்ல கையால் போனைப் பிடித்துக்கொண்டா. "தேசிக்காய் ஒண்டு பிடுங்கிக்கொண்டு வாங்கோ" என்று வீட்டில் நின்ற இவரிடம் சொன்னேன்.

"ஏன், கண்ணூறு கழிக்கப் போறீரோ?"

"சவருக்குக் கீழை வைச்சு, கையை எடுங்கோ."

வைத்தார். தேசிக்காய் கொஞ்சம் யோசித்தது. பிறகு மெல்ல உருளத் தொடங்கி, அறையைக் கடந்து, வாசல் மூலையில் இருந்த வடிகாலுக்குப் பக்கத்தால் போய், வாசலுக்கு வெளியே வந்து, சாமியறைப் பக்கமாகத் திரும்பியது. மல்லாவி அக்கா சிரித்த சிரிப்பில் போன் ஆடியது.

"தம்பி நஸார்! இதுதான் உம்மடை சரிவோ?"

நஸார் இவரைப் பார்த்தார். இவர் தேசிக்காயைப் பார்த்தார். கடைசியில் நஸார் சொன்னார்: "நான் மேற்குச் சுவரோரம்தான் வடிகால் எண்டனான் அக்கா. ஐயாதான், தண்ணி ஈசான மூலைக்குத்தான் போகவேணும் எண்டு நிண்டவர். அந்த மூலையிலதானே உங்கடை கதவும் இருக்கு."

மனையடி சாத்திரம் பார்க்கிற ஒருவரிடம் இவர் போயிருக்கிறார். கழிவு நீர் வடகிழக்கால் போகாததால்தான் வீட்டுப் பெண் விழுந்தா என்று அவர் சொன்னாராம். வயலுக்கு வாய்க்கால் வெட்ட நாள் பார்க்காத மனிதர். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பாதத்தாலேயே அறிகிறவர். இவர் ஏன் சாத்திரக்காரனிடம் போனார்? அதுவும் எனக்கு விளங்கவில்லை.

"சாத்திரமோ குளிக்கப் போகுது? நான்தானே குளிக்கப் போறன்" என்றேன். "வடிகால் மேற்குச் சுவரோரம், நீளமாய். தம்பி, திருப்பிப் பூசும்."

திருப்பிப் பூசினார். பூச்சு முடிந்ததும் வடிகாலை அடைத்து, தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டு ஒருநாள் வைத்திருக்கச் சொன்னேன். கோட்டிலிருந்து ஒரு நூல்கூட இறங்கவில்லை. கைபிடிகளில் அவரையே தொங்கச் சொன்னேன். தொங்கினார், படமும் வந்தது. அந்தப் படத்தை மிஸ்ஸிமார் எல்லோரும் பார்த்தார்கள். வேலையில் குற்றம் பிடிக்க எனக்கு இனி ஒன்றும் இல்லை. ஆனால் இவர் சத்திரசிகிச்சை அன்று எங்கே போனார், எதை என்னிடம் சொல்லவேண்டாம் என்றார் என்ற கணக்கு மட்டும் நேராகவில்லை. அந்தத் தாளில் வரைந்திருந்ததைத்தான் மறைத்தார்கள் என்று கௌசி சொன்னாள். குளியலறை திருத்துவதை மறைப்பானேன்?

சீனி காரணமாக, தையல் வெட்டும் வரை என்னை வாட்டிலேயே வைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்த அன்று நஸாரும் வந்திருந்தார், சவரின் உயரத்தைச் சரிபார்க்க. இவர் முற்றத்தில் வாகனக்காரரோடு நின்றார். வோக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்று நிலத்தைப் பார்த்தேன். வெளியும் உள்ளும் ஒரே மட்டம். கட்டு இருந்த இடத்தில் மாபிள் ஒரு நிறம் மாறி, ஒரு கீற்று மட்டும்.

"கட்டை உடைக்கக் கஷ்டப்பட்டிருப்பீரே தம்பி. நல்ல கலவையில கட்டினது அது" என்றேன்.

"நான் உடைக்கேல்ல அக்கா. நான் வரேக்க கட்டு இல்லை. உங்களுக்கு ஒப்பரேசன் நடந்த அண்டு ஐயா வந்து, தனிய, அலவாங்கால இடிச்சுப் போட்டார். கையெல்லாம் கொப்புளம் வெடிச்சுப் போச்சு. 'என்னைக் கூப்பிட்டிருக்கலாமே ஐயா' எண்டனான். 'நான் வைச்ச கட்டு, நான்தான் உடைக்கோணும்' எண்டவர். அவ்வளவு உயரமாய் வைச்சு மனிசியை விழுத்திப் போட்டன் எண்டு ஒரே கவலை. அந்தக் கட்டைப் பற்றி உங்களிட்டைக் கதைக்க வேண்டாம் எண்டும் சொன்னவர். நான்தான் இப்ப வாயை விட்டிட்டன்."

நான் வோக்கரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கட்டை அவர் வைக்கவில்லை. வீடு கட்டியபோது இரண்டு அங்குலம் போதும் என்றார் அன்றைய மேசன். இவரும் போதும் என்றார். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. முகாமில் மாரிமழைக்குத் தண்ணீர் கூடாரத்துக்குள் ஏறி, பாயையும் படுத்திருந்த பிள்ளையையும் நனைத்ததைக் கண்ட பிறகு, தண்ணீரை நான் நம்புவதில்லை. "தண்ணி வாசல் தாண்டக்கூடாது. ஐந்து இஞ்சு வையுங்கோ" என்று சொல்லி, அடிமட்டம் பிடித்து, பக்கத்தில் நின்று கட்டுவித்தவள் நான். விழுந்த நாள் முதல் எல்லோரையும் சந்தேகித்தேன். டொக்டரை, மிஸ்ஸியை, நிறையை, மேசனை, கட்டின மனிசனை. அந்தக் கட்டு யாருடையது என்று ஒரு தரம்கூட நான் யோசிக்கவில்லை. இவர் யோசித்திருக்கிறார். அது எனக்கு நினைவு வந்துவிடக்கூடாது என்றுதான் ஓடிப்போய் இடித்திருக்கிறார், கதவடியில் அந்தப் பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறார், சாத்திரக்காரனிடம் வேறொரு காரணம் கேட்டிருக்கிறார், கேட்பவர்களுக்கெல்லாம் தன் கட்டு என்றிருக்கிறார்.

அன்று பின்னேரம் குளிக்கப் போனேன். கதவை உள்ளே பூட்டக்கூடாது என்பது அந்தப் பிள்ளையின் கட்டளை. சாத்தினேன். வோக்கர் எதிலும் தட்டாமல் உள்ளே போனது. கதிரையில் இருந்து, கைபிடியைப் பிடித்து, சவரைத் திறந்தேன். வெயிலில் சூடான தாங்கித் தண்ணீர் தலையில் விழுந்தது. எவர் கையும் என்மேல் படவில்லை. தண்ணீர் என் பாதத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குச் சுவருக்குப் போனது. நான் வாய்விட்டு அழுதேன். சவர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தேன்.

கதவுக்கு வெளியே கதிரை இழுபட்டது. இவர் காவல் இருக்கிறார். முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்பார்.

"இஞ்சேருங்கோ" என்றேன்.

"ம்?"

"அந்தக் கட்டை அஞ்சு இஞ்சுக்கு வைக்கச் சொன்னது நான்தான்."

கதிரை இன்னும் கொஞ்சம் கதவுக்குக் கிட்ட இழுபட்டது.

"எந்தக் கட்டு?" என்றார். "இஞ்சை ஒரு கட்டும் இல்லை. தண்ணியும் வெளியில வரேல்லை. நீர் ஆறுதலாய்க் குளியும்."